நுனி தேயும் கயிறு

2011 வைகாசியில் முல்லைத்தீவுப் பக்கமிருந்து வந்த அந்தச் சிலைட் பெட்டி இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. மஞ்சள் பிளாஸ்டிக் பெட்டி. மூடியின் பிணைச்சல் உடைந்திருந்ததால் இறப்பர் பட்டியால் இறுக்கியிருந்தார்கள். பஸ் சாரதியின் இருக்கைக்குப் பக்கத்தில் இருந்தபடி, அந்த நாளைய வீதியின் குழிகள் அத்தனையிலும் விழுந்தெழும்பி வவுனியாவுக்கு வந்து சேர்ந்தது. உள்ளே 20 கண்ணாடித் தகடுகள். ஒவ்வொன்றின் சொரசொரத்த முனையிலும் பென்சிலால் ஓர் இலக்கம். பேனையால் எழுதினால் அற்ககோலில் கரைந்துவிடும். யாருடையது என்று தெரியாத கலங்களை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. இதைக் கிளினிக்குகளுக்குச் சொல்லிப் பழக்கவே பல மாதம் பிடித்தது.

அந்தப் பெட்டியில் 14ஆம் இலக்கத்தை நான் மறக்கவில்லை.

என் பதவிப் பெயர் சைட்டோஸ்கிரீனர். சனங்களுக்கு நான் 'லாப் மிஸ்'. பெண்களின் கர்ப்பப்பை வாசலைச் சிறு மரத்தகட்டால் வழித்துக் கண்ணாடியில் பூசி அனுப்புவார்கள். அதற்குச் சாயமூட்டி, நுணுக்குக்காட்டியில் வைத்து, மாறத் தொடங்கிய கலம் எங்காவது ஒளிந்திருக்கிறதா என்று தேடுவது என் வேலை. பாப் பரிசோதனை என்பது இதுதான். இலங்கையில் 1996இல் வெல் வுமன் கிளினிக்குகள் தொடங்கின. நோய் ஏதும் இல்லாத பெண்ணை வரச்சொல்லிப் பரிசோதிக்கும் கிளினிக் என்பது எங்கள் ஊர்களுக்குப் புதிது. 35 வயதானவர்களை அழைத்துப் பாப் எடுப்பது பின்னாளில் நடைமுறையானது. பிறகு 45 வயதும் சேர்ந்தது. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் வவுனியாவுக்கு வடக்கேயிருந்து சிலைட் வராத மாதங்களே அதிகம். போரால் பாதை மூடியிருக்கும். திறந்தாலும், உயிர் தப்பி வருகிற சனத்துக்குப் பாப் பற்றி நினைக்க நேரம் ஏது?

சிலைட் வாசிப்பது வயல் உழுவது மாதிரி. ஒரு முனையில் தொடங்கி, சாலோடு சால் ஒட்டி, மேலும் கீழுமாகக் கண்ணாடி முழுவதையும் ஓட்டிப் பார்க்க வேண்டும். ஒரு சால் தவறினால் அந்தச் சாலில்தான் நோய் இருந்திருக்கும் என்று என்னைப் பழக்கிய மூத்தவர் சொல்லுவார். குறைந்தது 8,000 கலங்களாவது தெளிவாகத் தெரியாவிட்டால் 'போதாது' என்று எழுதித் திருப்பிவிட வேண்டும். வன்னியில் எங்களுக்கு எதிரி சோளகக் காற்று. தகரக் கொட்டிலில் கிளினிக் நடக்கும். பூசிய சிலைட்டை அற்ககோலில் போடுவதற்குள் காற்று அதை உலர்த்திவிடும். உலர்ந்த கலத்தின் கரு வீங்கி வெளிறும். நல்ல கலம் கெட்டதாகவும் கெட்டது நல்லதாகவும் தெரியும். எத்தனையோ பெண்களை இதனால் இரண்டாம் முறை அலைக்கழித்திருக்கிறோம். சிலர் இரண்டாம் முறை வரவேயில்லை.

சாயம் ஏற்றுவதில் எனக்கு இன்றைக்கும் ஆசை தீரவில்லை. முதலில் ஹீமற்றொக்சிலின். மத்திய அமெரிக்காவில் வளரும் ஒரு மரத்தின் வைரத்திலிருந்து எடுக்கிற சாயம். கலத்தின் கருவில் அது செவ்வூதாவாகப் பிடிக்கும். பிறகு தண்ணீரில் அலசும்போது நீலமாகும். அதற்குத் தண்ணீரில் காரம் வேண்டும். எங்கள் சுண்ணாம்புத் தண்ணீரில் நீலம் அழகாக ஏறும். அடுத்து செம்மஞ்சள், அதற்கு அடுத்து பச்சை. முதிர்ந்து உதிரத் தயாரான கலங்கள் இளஞ்சிவப்பில் விரிந்து கிடக்கும். நடுத்தட்டுக் கலங்கள் நீலப்பச்சை. நல்ல சிலைட் ஒன்று, பூ உதிர்ந்த முற்றம் மாதிரி இருக்கும்.

14ஆம் இலக்கத்தில் ஏழாவது சாலில் கண்டேன். முதலில் கருவைச் சுற்றி வெளிறிய வளையம் போட்ட கலங்கள். நிலாவைச் சுற்றிக் கோட்டை கட்டினால் மழை வரும் என்று எங்கள் பக்கத்தில் பார்ப்பார்கள் அல்லவா, அதே வளையம். அது எச்.பி.வி. வைரஸின் அடையாளம். அந்த வளையம் மட்டும் என்றால் நான் பயப்பட மாட்டேன். பெரும்பாலானவர்களுக்கு ஒன்றிரண்டு வருடத்தில் உடம்பே அந்த வைரஸை விரட்டிவிடும். ஆனால் இரண்டு சால் தள்ளி, ஒரு மூலையில், சின்னச் சின்னக் கலங்கள் கூட்டமாகக் கிடந்தன. கரு கலத்தை அடைத்துக்கொண்டிருந்தது. கருவின் விளிம்பு நெளிந்திருந்தது. உள்ளே சாயம் ஒரே சீராகப் பரவாமல் குறுணல் அரிசி கொட்டினது போலத் திட்டுத் திட்டாகக் கறுத்திருந்தது. மைப்பேனையால் அந்த இடத்துக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வைத்தேன். என் கை அப்போது நடுங்கியதா என்று நினைவில்லை. புள்ளி மட்டும் கொஞ்சம் பெரிதாகிவிட்டது.

அந்தத் திட்டுத் திட்டான கறுப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தொழிலுக்கு வந்த முதல் சில வருடங்கள் அதை வெறும் அடையாளமாகத்தான் படித்தேன். கறுத்தால் கெட்டது, அவ்வளவுதான். பிறகுதான் அது என்ன என்று விளங்கியது. ஈரல் கலத்திலும் தோல் கலத்திலும் கர்ப்பப்பை வாசல் கலத்திலும் இருப்பது அதே 46 நிறமூர்த்தங்கள்தான், அதே 20,000 அளவிலான பரம்பரையலகுகள்தான். ஈரல் ஈரலாக இருப்பது எதை எங்கே திறப்பது, எதை எங்கே மூடிவைப்பது என்ற ஒழுங்கினால்.

இரணைமடுக் குளத்துக்குக் கீழே வயல் செய்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. தண்ணீர் ஒன்றுதான். எந்தத் துருசை எப்போது திறக்கிறோம், எந்த வாய்க்காலை மறிக்கிறோம் என்பதில்தான் எந்த வயல் பச்சையாகும் என்பது இருக்கிறது. கலத்திலும் மூடிவைத்த பகுதி இறுகச் சுருண்டு கிடக்கும். அங்கே ஹீமற்றொக்சிலின் அடர்த்தியாகப் பிடிக்கும். திறந்த பகுதி தளர்ந்து வெளிறித் தெரியும். ஆக, நான் இத்தனை வருடமாகக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தது அந்தத் துருசுகளைத்தான். 14ஆம் இலக்கத்துக் கருவில், திறக்க வேண்டியது மூடியும் மூட வேண்டியது திறந்தும் கிடந்தன.

அப்படித் தவறுதலாகத் திறந்துவிடுகிற ஒரு துருசைப் பற்றித்தான் இனிச் சொல்லப்போகிறேன். அதற்கு ஐயாவின் கயிறு வேண்டும்.

ஐயா முல்லைத்தீவில் கரைவலை இழுத்தவர். வலையை விட அவர் கவனம் கயிற்றில்தான். கடலிலும் மணலிலும் இழுபட்டுக் கயிற்றின் நுனி பிரிந்துவிடும். பிரிந்த பாகத்தை வெட்டி எறிந்துவிட்டு, புது நுனியை மெல்லிய நூலால் வரிந்து கட்டுவார். ஒவ்வொரு பருவமும் ஒரு முழம் போகும். "கயிறு கட்டையாகிக்கொண்டு போகுதே ஐயா" என்று சின்னனில் கேட்டிருக்கிறேன். "நுனிதானே பிள்ளை போகுது. நடுக்கயிறு பழுதாகாமல் இருக்கத்தானே நுனியைக் குடுக்கிறம்" என்றார். கட்டையாகிப்போன கயிற்றைக் கடலுக்கு எடுக்க மாட்டார். ஆட்டைக் கட்டுவதற்குக் கொடுத்துவிடுவார். 2004 மார்கழி 26 கடல் பொங்கி அந்த வலையையும் கயிற்றையும் ஐயாவையும் கொண்டுபோனது.

நிறமூர்த்தத்தின் நுனிக்கும் அப்படியொரு வரிச்சல் உண்டு. அதன் பெயர் டெலோமியர். டி.என்.ஏ.யின் எழுத்துக்களில் டி.டி.ஏ.ஜி.ஜி.ஜி. என்ற ஆறெழுத்து திரும்பத் திரும்ப வருகிற நீண்ட நுனி அது. பிறக்கும்போது மனிதக் கலத்தில் 10,000 முதல் 15,000 எழுத்து வரை நீளம். அதில் பரம்பரையலகு எதுவும் கிடையாது. தேய்ந்துபோவதற்கென்றே வைத்திருக்கிற பகுதி. கலம் ஒவ்வொரு முறை இரண்டாகப் பிரியும்போதும் 50 முதல் 200 எழுத்து வரை குறையும்.

ஏன் குறைகிறது என்று முதலில் சொன்னவர்களில் ஒருவர் அலெக்சி ஒலோவ்னிக்கொவ். அமெரிக்காவில் லெனார்ட் ஹேஃப்ளிக் என்பவர், சாதாரண மனிதக் கலங்கள் 40 முதல் 60 தடவை பிரிந்தபின் நின்றுவிடுகின்றன என்று 1961இல் காட்டியிருந்தார். அதற்குக் காரணம் தேடிக்கொண்டிருந்த ஒலோவ்னிக்கொவ், மொஸ்கோவின் நிலக்கீழ் ரயில் நிலையம் ஒன்றில் ரயில் வந்து நிற்பதைப் பார்த்து யோசித்தாராம். தண்டவாளத்தைப் பிரதிசெய்துகொண்டே ஓடுகிற ஒரு ரயிலை நினையுங்கள். அது நிற்கிற இடத்தில், தன் காலுக்குக் கீழே இருக்கிற கடைசித் துண்டை அதனால் பிரதிசெய்ய முடியாது. 1971இல் அவர் இதை எழுதினார்.

இதை வாசித்தபோது நான் வேலைக்குப் போகிற வழியில் இருந்த வவுனியா ரயில் நிலையம்தான் எனக்கு முன்னால் வந்தது. 1990க்குப் பிறகு யாழ்தேவிக்கு அதுவே கடைசி நிலையம். அதற்கு வடக்கே தண்டவாளமும் சிலிப்பர்க் கட்டையும் பதுங்குகுழிகளுக்குப் போயிருந்தன. கிளிநொச்சிக்கு 2013இலும் யாழ்ப்பாணத்துக்கு 2014இலும்தான் ரயில் திரும்ப ஓடியது. பாதை எந்த இடத்தில் நிற்கிறது என்பது எங்கள் தலைமுறைக்கு வாழ்க்கை முழுவதையும் தீர்மானித்த கேள்வி. ஒரு ரஷ்ய விஞ்ஞானி அதே கேள்வியைக் கலத்துக்குள் கேட்டிருக்கிறார் என்பது எனக்கு நெருக்கமாக இருந்தது.

தேய்கிற நுனியைத் திரும்பப் பின்னுகிற கை ஒன்றும் இயற்கையில் இருக்கிறது. அது டெலோமரேஸ் என்ற நொதியம். அதை ஒரு குளத்து உயிரியில் கண்டுபிடித்தார்கள். டெட்ராஹைமினா என்ற அந்த ஒற்றைக்கல உயிரிக்கு ஆயிரக்கணக்கான சின்ன நிறமூர்த்தங்கள். அதனால் நுனிகளும் ஏராளம். எலிசபெத் பிளக்பேர்ணின் ஆய்வுகூடத்தில் கரோல் கிரைடர் என்ற இளம் மாணவி, 1984 நத்தார் தினத்தன்று வேலைக்கு வந்து, எக்ஸ்ரே படத்தில் ஆறெழுத்துக்கு ஒரு படியாக ஏறிப்போகும் ஏணியைப் பார்த்தார். நுனி வளர்ந்திருந்தது. 2009 ஒக்ரோபர் 5 அவர்கள் இருவருக்கும் ஜாக் சொஸ்டாக்குக்கும் நோபல் பரிசு அறிவித்தார்கள். அந்த நாட்களில் செட்டிகுளம் முகாம்களில் இலட்சக்கணக்கான சனம் முட்கம்பிக்குள் இருந்தது. நாங்கள் இரவு பகலாக இரத்தமும் சலமும் பார்த்துக்கொண்டிருந்தோம். வானொலியில் அந்தச் செய்தி போனது. நான் கை கழுவிக்கொண்டு நின்றேன்.

எங்கள் உடம்பில் முட்டைக்கும் விந்துக்கும் காரணமான கலங்களிலும் சில குருத்துக்கலங்களிலும் டெலோமரேஸ் வேலைசெய்யும். மற்றக் கலங்களில் பெரும்பாலானவற்றில், நாங்கள் பிறக்குமுன்னரே, அதை உருவாக்கும் டி.ஈ.ஆர்.டி. என்ற பரம்பரையலகின் துருசு இறுக மூடப்பட்டுவிடும். இதுதான் எங்களைக் காக்கிறது. ஒரு கலம் கட்டுமீறிப் பிரியத் தொடங்கினாலும் அதன் கயிறு குறைந்துகொண்டே வந்து ஒருநாள் 'இனிப் பிரியாதே' என்று நிறுத்திவிடும். புற்றுக்கலம் அதற்குக் கட்டுப்படாது. மூடியிருந்த துருசைத் திறந்துவிடும். புற்றுநோய்களில் 100க்கு 85 முதல் 90 வரை டெலோமரேஸ் திரும்ப வேலைசெய்வதை 1994இல் காட்டினார்கள். மிச்சத்தில் பெரும்பாலானவை வேறு குறுக்குவழியில் நுனியை நீட்டிக்கொள்கின்றன.

துருசு திறக்கிற விதம் புற்றுக்குப் புற்று மாறும். தோலில் வரும் மெலனோமாவில் டி.ஈ.ஆர்.டி.யின் வாசலில் ஒரேயொரு எழுத்து மாறியிருப்பதை 2013இல் கண்டார்கள். வாயில் வரும் புற்றிலும் அதே எழுத்து மாற்றம் பலருக்கு இருக்கிறது. எங்கள் ஆண்களுக்கு வருகிற புற்றுகளில் முதலிடம் வாய்ப்புற்றுக்குத்தான். வெற்றிலை, பாக்கு, புகையிலை என்று அடக்கிவைத்துக்கொண்டு வயலில் நிற்பவர்களைப் பார்க்கும்போதெல்லாம், கன்னத்தின் உட்புறத்தில் வெள்ளைத் திட்டு இருக்கிறதா என்று வாயைத் திறக்கச் சொல்ல வேண்டும் போலிருக்கும். பலமுறை சொல்லியும் இருக்கிறேன்.

கர்ப்பப்பை வாசலில் அந்த வேலையைச் செய்வது வைரஸ். எச்.பி.வி.யின் டி.என்.ஏ. 8,000 எழுத்துக் கொண்ட சின்ன வளையம். எங்களுடையதோ 300 கோடி எழுத்து. அந்த வளையத்தில் ஈ6, ஈ7 என்று இரண்டு பரம்பரையலகுகள். பழுதான கலத்தைப் பிரிய விடாமல் மறிக்கும் பி53 என்ற புரதத்தை ஈ6 அழித்துவிடும். இன்னொரு காவலனை ஈ7 கட்டிப்போடும். அதோடு ஈ6, மூடிக்கிடந்த டி.ஈ.ஆர்.டி.யையும் தட்டி எழுப்பும். ஆனால் வைரஸ் வளையமாக இருக்கும்வரை அந்த இரண்டுக்கும் மேலே ஈ2 என்ற இன்னொரு பரம்பரையலகு வட்டவிதானை மாதிரி நின்று, தண்ணீரை அளந்து விடும். வருடங்கள் போக, வைரஸின் வளையம் அறுந்து எங்கள் நிறமூர்த்தத்துக்குள் நுழைந்து ஒட்டிக்கொள்ளும்போது, அறுகிற இடம் பெரும்பாலும் ஈ2ஆக இருக்கும். அளந்து விட ஆள் இல்லை. இரண்டு துருசும் முழுதாகத் திறந்துவிடும்.

1951இல் அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் ஆஸ்பத்திரியில் 31 வயதில் இறந்த ஹென்றியெற்றா லக்ஸ் என்ற பெண்ணுக்கு இருந்தது இதே கர்ப்பப்பை வாசல் புற்று. அவரைக் கேட்காமல் எடுத்த கலங்கள் இன்றைக்கும் ஆய்வுகூடங்களில் பிரிந்துகொண்டே இருக்கின்றன. மனிதரில் டெலோமரேஸை முதன்முதலாக 1989இல் கண்டதும் அந்தக் கலங்களில்தான். அவருக்கு ஐந்து பிள்ளைகள். அவருக்கு அது ஏன் வந்தது என்று தெரிய 30 வருடத்துக்கு மேல் சென்றது. கர்ப்பப்பை வாசல் புற்றின் வைரஸ்களை ஹரால்ட் சூர் ஹவுசனின் குழு பிரித்தெடுத்தது 1983, 1984இல்.

இதையெல்லாம் விரித்துச் சொல்வதற்குக் காரணம், இது ஒருநாளில் நடக்கிற காரியம் இல்லை. காவலன் அழிய வேண்டும், வளையம் அறுபட வேண்டும், நுனி தேய்ந்து முடிய வேண்டும், அந்த நெருக்கடியில் பெரும்பாலான கலங்கள் செத்துப்போக, ஒன்றிரண்டு மட்டும் டெலோமரேஸைப் பிடித்துக்கொண்டு தப்ப வேண்டும். வைரஸ் வந்ததிலிருந்து புற்றாவதற்குப் பொதுவாக 10 வருடத்துக்கு மேல், பலருக்கு 20 வருடம் வரை செல்லும். உடம்பு அவ்வளவு காலம் மல்லுக்கட்டுகிறது. எந்த மருந்துக்கும் முன்னால் அது எங்களுக்குத் தருகிற தவணை அது. வன்னியில் அந்தத் தவணையின் பெரும்பகுதி இடம்பெயர்விலும் முகாமிலும் கரைந்துபோனது. இரண்டு வருடமாக இரத்தம் படுகிறதைச் சேலைத் துண்டால் மறைத்துக்கொண்டு கடைசியில் வந்த பெண்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களின் சிலைட்டில் சால் போட்டுத் தேட வேண்டிய தேவையே இருக்காது.

நுனி தேய்வதே கிழடாவதற்குக் காரணம், அதை நீட்டினால் இளமை திரும்பும் என்று சொல்லி மாத்திரை விற்கிறவர்களைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். தொலைபேசியில் வந்த விளம்பரத்தைக் காட்டி என்னிடம் கேட்டவர்கள் பலர். வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் வாங்கி அனுப்பியதைக் கொண்டுவந்து காட்டியவர்களும் உண்டு. பரம்பரையாகவே நீண்ட டெலோமியர் உள்ள குடும்பங்களில் கட்டிகளும் சில புற்றுகளும் கூடுதலாக வருவதை ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். ஐயா நுனியைக் கொடுத்து நடுக்கயிற்றைக் காத்தார். அந்தக் காவலைக் காசு கொடுத்து அவிழ்க்க வேண்டாம் என்றுதான் எல்லோருக்கும் சொன்னேன். மறுபக்கமாக, டெலோமரேஸை மறிக்கிற இமெற்றெல்ஸ்ராற் என்ற மருந்தை ஒருவகை எலும்புமச்சை நோய்க்கு அமெரிக்கா 2024இல் அனுமதித்திருக்கிறது. கர்ப்பப்பை வாசலுக்கு இப்போதைக்கு எங்களிடம் உள்ளவை வேளைக்குப் பார்ப்பதும் தடுப்பூசியும்தான். 2017இலிருந்து ஆறாம் வகுப்புப் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்திலேயே எச்.பி.வி. ஊசி போடுகிறார்கள். அந்தப் பிள்ளைகள் 35 வயதில் கொடுக்கப்போகிற சிலைட்டை நான் பார்க்க மாட்டேன். அதில் நிலாக் கோட்டை அரிதாகத்தான் இருக்கும்.

14ஆம் இலக்கத்துக்கு அறிக்கை போனது. 'கடுமையான மாற்றம், உடனே பெண்நோயியல் நிபுணரிடம் காட்டவும்.' கடிதமும் போனது. தற்காலிகக் கொட்டில் விலாசத்துக்குப் போன அந்தக் கடிதம், ஆள் இல்லை என்று திரும்பி வந்து, ஓர் அலுவலகத்தின் கோப்புக்குள் மாதக்கணக்காகக் கிடந்திருக்கிறது. எனக்கு அது தெரியாது. தெரியாது என்று சொல்வது எனக்கு ஆறுதல் இல்லை. நான் ஒரு தடவை கேட்டிருக்கலாம். அறிக்கை எழுதியதோடு என் வேலை முடிந்தது என்று இருந்துவிட்டேன். அடுத்த வருடம் பழைய பதிவேட்டைப் புரட்டும்போது, அந்த இலக்கத்துக்கு நேரே இருந்த கடைசிக் கட்டம் வெறுமையாக இருந்ததைக் கண்டேன். அன்றிலிருந்து ஓய்வு பெறும்வரை, மாதக் கடைசியில் அந்தக் கட்டங்களைப் பார்க்காமல் வீட்டுக்குப் போனதில்லை.

அந்தப் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தருக்குத் தொலைபேசி எடுத்தேன். புதிதாக வந்த சின்னப் பிள்ளை. "பேர் மட்டும் தாங்கோ மிஸ், நான் பாக்கிறன்" என்றாள். மோட்டார் சைக்கிளில் ஊர் ஊராகத் திரிந்தாள். சங்கக்கடையில் கேட்டாள், கோயிலில் கேட்டாள். கடைசியில் ஆள் அகப்பட்டது அந்தப் பெண்ணின் கடைக்குட்டியின் தடுப்பூசி அட்டையில். சொந்தக் காணிக்குத் திரும்பி, இரண்டு ஊர் தள்ளி இருந்தார். புருசன் இல்லை. பிள்ளைகள் மூன்று.

இந்த வைரஸ் எப்படித் தொற்றுகிறது என்று அரைகுறையாகக் கேள்விப்பட்ட அயல், அவரைப் பற்றிக் கதைக்கத் தொடங்கியிருந்தது. அதுதான் எனக்கு இன்றும் ஆறாத கோபம். வைரஸ் வந்தது கலியாணமான புதிதிலாக இருக்கலாம், 15 வருடத்துக்கு முந்தியாக இருக்கலாம். மணவாழ்க்கை கண்ட யாருக்கும் வரக்கூடியது. அந்த உத்தியோகத்தர் பிள்ளை, அயல் பெண்களையும் கூட்டி இருத்தி, இதை ஒளிவுமறைவில்லாமல் சொன்னாள். அந்த முற்றத்திலிருந்து மட்டும் எட்டுப் பேர் அடுத்த கிளினிக்குக்கு வந்தார்கள்.

2012 ஆகஸ்ட் கடைசியில், கர்ப்பப்பை வாசலில் மாறியிருந்த பகுதியைக் கூம்பு வடிவில் வெட்டி எடுத்தார்கள். பாப் எடுத்து 15 மாதம் கழிந்துவிட்டது. இழையத்தை மெழுகில் புதைத்து, மெல்லிய சீவலாகச் சீவி, சாயமூட்டினோம். நோயியல் நிபுணரின் நுணுக்குக்காட்டிக்கு இரண்டு தலை உண்டு. "வாங்கோ, உங்கட ஆள்தானே" என்று எதிரில் இருத்தினார்.

மேல்தோல் முழுத் தடிப்பிலும் மாறியிருந்தது. அடித்தட்டிலிருந்து மேல்தட்டு வரை கறுத்த கருக்கள். நடுவில் ஓரிடத்தில் அவர் நிறுத்தினார். பிரிந்துகொண்டிருந்த ஒரு கலம். இரண்டு பக்கமாக விலகிப் போக வேண்டிய நிறமூர்த்தங்களுக்கு இடையில் ஒரு மெல்லிய நீல இழை பாலம் போட்டிருந்தது. வரிச்சல் போன இரண்டு நுனிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் பிரியும்போது இப்படித்தான் இழுபடும். அறுந்து, திரும்ப ஒட்டி, திரும்ப அறுந்து, நிறமூர்த்தங்கள் சின்னாபின்னமாகிற நெருக்கடி. ஐயாவின் கயிற்றில் பிரிந்த புரிகள் ஒன்றோடொன்று சிக்கிக் கிடப்பதை நான் பார்த்திருக்கிறேன். இது அதுதான். இந்தக் கலங்களில் ஏதாவது ஒன்று தப்பிவிட்டதா என்பதே கேள்வி.

மேல்தோலுக்குக் கீழே, வயல் வரம்பு மாதிரி ஒரு மெல்லிய இளஞ்சிவப்புக் கோடு இருக்கும். புற்று என்றால் கலங்கள் அந்த வரம்பை உடைத்துக் கீழே இறங்கியிருக்கும். நிபுணர் ஒரு வார்த்தை பேசாமல் அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு இடமிருந்து வலமாகப் போனார். சுரப்பிகளுக்குள் வளைந்து இறங்கிய இடத்திலும் விடாமல் கூடவே இறங்கி ஏறினார். ஒரு சீவல் முடிய அடுத்தது. பன்னிரண்டு சீவல். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு கூடவே போனேன். கோடு ஓரிடத்திலும் அறுபடவில்லை. வெட்டிய விளிம்புகளில் நல்ல கலங்கள் இருந்தன.

அந்தப் பெண் முடிவு கேட்க வந்தபோது கடைக்குட்டியையும் கூட்டிவந்திருந்தார். அவரை நான் அன்றுதான் நேரில் கண்டேன். சன்னமான ஆள், கையெல்லாம் காய்ப்பு. டொக்டர் விளக்கிய பிறகு வெளி வாங்கில் எனக்குப் பக்கத்தில் வந்து இருந்தார்.

"அப்ப வயலுக்கு எப்ப இறங்கலாம் மிஸ்?"

"ஆறு கிழமைக்குப் பாரம் தூக்கக் கூடாது, தங்கச்சி. ஆறு மாதத்தில திரும்பப் பாப் எடுக்க வரவேணும்."

விரலை மடித்து எண்ணினார். "ஐப்பசி பிறக்கிற நேரம்" என்றார். "காலபோக விதைப்புக்குச் சரி."